கீழே, வலப்பக்கம்

ஸ்ரீரங்கம்,
3-11-2025

திருமதி யமுனா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நலம். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து பொன்மலைக்கு இரண்டு பஸ் மாறினால் வந்துவிடலாம். தொலைபேசியும் இருக்கிறது. ஆயினும் எழுதுகிறேன். எழுத்தில் குரல் உயராது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை.

என் கைத்துப்பாக்கியின் உரிமம் புதுப்பிக்கப்பட வேண்டிய காலம் வந்துவிட்டது. விண்ணப்பம் காவல் நிலைய விசாரணையோடு நின்றுவிட்டது. சென்ற ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலுக்காக எல்லா உரிமதாரர்களையும் போல நானும் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைத்தேன். அன்று அந்தப் பெட்டியைச் சுமந்து வந்தவர் தாங்கள். தேர்தல் முடிந்து நான் திரும்பப் பெறச் சென்றபோது ரைட்டர் பிச்சமுத்து ஒரு மனுவை எடுத்துப் படித்தார். "மிகுந்த மன உளைச்சலில் இருக்கும் என் கணவரிடம் துப்பாக்கியைத் திருப்பித் தந்தால் அவர் தம்மையே ஏதேனும் செய்துகொள்வார் என்று அஞ்சுகிறேன்." கீழே தங்கள் கையெழுத்து. அருகில் பெஞ்சில் சைக்கிளைத் தொலைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரும் கேட்டார். என் மனைவி என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பதை நானும் சைக்கிள்காரரும் ஒரே நேரத்தில் தெரிந்துகொண்டோம்.

மனு கொடுத்தவரே எழுத்தில் திரும்பப் பெற்றால் கோப்பு நகரும் என்கிறார்கள். ஒரு வரி போதும். எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

துப்பாக்கி சுடும் கிளப்பில் நான் மீண்டும் பயிற்சிக்குச் செல்கிறேன் என்பதையும் தெரிவிக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் கிளப் துப்பாக்கியைக் கையில் எடுத்தபோது அந்தக் கை வேறு யாருடையதோ என்று தோன்றியது. இப்போது வீட்டில் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கிப் பழகுகிறேன். காலண்டர் மாட்டியிருந்த ஆணியின் தடம்தான் இலக்கு. கையைத் தாழ்த்தி வைத்திருந்து ஒரே வீச்சில் உயர்த்தி, அந்தத் தடத்தின் மீது நிறுத்தி, மீண்டும் தாழ்த்துவது. காலையில் கல்லூரிக்குப் புறப்படும் முன்பும், மாலையில் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்த பின்பும். வீட்டில் வேறு சத்தம் எதுவும் இல்லாததால் பாட்டிலுக்குள் தண்ணீர் அசைவது கேட்கிறது. கை நின்றுவிட்டதா இல்லையா என்பதை அதை வைத்தே அறிகிறேன்.

ஸ்கூட்டரை விற்றுவிட்டேன். காவிரிப் பாலத்து நெரிசல் தாங்கவில்லை. ஞாயிறன்று சத்திரம் பேருந்து நிலையம் சென்று அங்கிருந்து கிளப்புக்கு வேறு பஸ் பிடிக்கிறேன்.

தங்கள் ஒரு வரியை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மு. அன்புச்செல்வன்


பொன்மலை,
9-11-2025

அனுசுயா அப்பாவுக்கு,

நமஸ்காரம். நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியில் சண்டை போடுகிறது. அனுசுயா பெங்களூரிலிருந்து தீபாவளிக்கு வந்தவள் ஸ்ரீரங்கத்தில் ஒரு நாள், பொன்மலையில் ஒரு நாள் என்று பங்கு போட்டுக்கொண்டு போனாள். "அப்பா ரொம்ப நல்லா பேசினாரும்மா, பாதி நேரம் ஜன்னல்கிட்ட" என்றாள்.

"தாங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என்.சி.சி. முகாமில் முதன்முதலாக என்னிடம் பேசியபோதே "ஏய், அது என் மேட்டு, எழுந்திரு" என்றவர் நீங்கள். அன்றைக்கு அந்தப் பாயிலிருந்து எழுந்திருக்காமல் படுத்தபடியே சுட்டு உங்களை ஜெயித்தேன். அந்தத் துப்பாக்கிதான் எனக்கு ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்தது, இப்போது இந்தக் குவார்ட்டர்ஸையும் கொடுத்திருக்கிறது. அனுசுயா பிறந்த பிறகு நான் விட்டுவிட்டேன், நீங்கள் தொடர்ந்தீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது உண்மையாக இருந்ததில்லை. போகட்டும்.

அந்த ஒரு வரியை இப்போது எழுதித் தர மாட்டேன்.

கோபப்படாமல் படியுங்கள். கண் ஆபரேஷன் முடிந்து வீட்டிலிருந்தீர்களே, அந்த நாட்களில் நான் ஆபீஸிலிருந்து அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தால் நீங்கள் ஹாலில் தனியாக உட்கார்ந்திருப்பீர்கள், மடியில் துப்பாக்கி. சுவரைப் பார்த்து நீட்டுவீர்கள், இறக்குவீர்கள். பிறகு அதை வைத்துக்கொண்டு சும்மா இருப்பீர்கள். "என்னங்க பண்றீங்க?" என்று கேட்டேன். "துடைக்கிறேன்" என்றீர்கள். மறுநாளும் கேட்டேன், "துடைக்கிறேன்." துணி அலமாரியில் மடித்தபடி இருந்தது. எண்ணெய் பாட்டில் திறக்கவே இல்லை. என்னை ஏமாற்றலாம் என்று நினைத்தீர்களே, நான் துப்பாக்கி துடைக்காதவளா?

போலீசிடம் சொல்லும் முன் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதானே உங்கள் கோபம். சொன்னால் நீங்கள் மறுத்திருப்பீர்கள், நான் நம்பியிருப்பேன். உங்களை நம்பாமல் இருப்பதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தெரிந்த பிறகு நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆடி மாதம் முழுக்க ஒரே வீட்டில் ஒரு சொல் பேசவில்லை. காபியை மேஜையில் வைத்தால் டம்ளர் காலியாக வந்தது, அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் அங்கேயே இருந்திருப்பேன்.

பயிற்சிக்குப் போகிறீர்களா, நல்லது. சுட்ட இலக்கு அட்டை ஒன்றை அனுப்புங்கள். காகிதம் ஒட்டி ஓட்டைகளை அடைக்காமல் அப்படியே. உங்கள் வார்த்தையை நான் நம்ப மாட்டேன், அட்டையை நம்புவேன்.

மோரில் இஞ்சி தட்டிப் போட்டுக் குடியுங்கள். மெஸ் சாப்பாடு உங்களுக்கு ஆகாது.

யமுனா


ஸ்ரீரங்கம்,
20-11-2025

யமுனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "தாங்கள்" உனக்கு உறுத்தியது என்றால் அது தன் வேலையைச் செய்துவிட்டது. இனி தேவையில்லை.

முப்பது ஆண்டுகளாகத் தேர்வு வைப்பது என் தொழில். இப்போது என் மனைவி என்னைத் தேர்வு எழுத வைத்திருக்கிறாள், வினாத்தாளையும் அவளே அமைக்கிறாள். வேறு யாரேனும் கேட்டிருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். அட்டையை இதனுடன் வைத்திருக்கிறேன். அடைக்கவில்லை. எண்ணிக்கொள்.

இது விரைவுச் சுற்றில் சுட்டது. உனக்கு நினைவிருக்கும்: இலக்கு நம்மை நோக்கித் திரும்பி மூன்று வினாடி முகம் காட்டும். அதற்குள் கை உயர வேண்டும், நிற்க வேண்டும், ஒரே ஒரு குண்டு போக வேண்டும். பிறகு ஏழு வினாடி அது விளிம்பைக் காட்டிக்கொண்டு மறைந்திருக்கும். அப்போது கை தாழ்ந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் அந்த மூன்று வினாடி எனக்கு ஒரு மதியப்பொழுது போல நீண்டிருந்தது. இப்போது கை உயரும்போதே இலக்கு விடைபெற்றுவிடுகிறது.

கிளப்பில் இப்போது ரஃபீக் என்றொருவர் பயிற்சி பார்த்துக்கொள்கிறார், ஆயுதப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். போலீஸ்காரர் என்பதால் இடுப்பு உறையிலிருந்து உருவிப் பழகியவர். நம் போட்டியில் உறை கிடையாது என்றேன். "இருக்கட்டும் சார், உருவிப் பாருங்க. கை எங்க தயங்குதுன்னு தெரியும்" என்று தன் பழைய உறையைக் கட்டிவிட்டார். வெற்றுத் துப்பாக்கியை உருவி, மார்புக்குக் கொண்டுவந்து, நீட்டி, நிறுத்தி, மீண்டும் உறையில் இட்டு. ஒரு மணி நேரம் கழித்து அவர் சொன்னார்: "கை தயங்கல சார். நீங்க வேற யார்கிட்டயோ சண்டை போட்டுக்கிட்டே உருவுறீங்க."

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமலிருப்பதில் எனக்குள்ள பயிற்சி மட்டும் இடைவெளி விழாமல் தொடர்கிறது என்று நீ சொல்வாய். நீ சொல்லும் முன் நானே எழுதிவிடுகிறேன்.

கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை நிறைய பேர் வருகிறார்கள். முடிந்ததும் தேநீர்க் கடைக்கு ஒன்றாகப் போகிறார்கள். முன்பு நான்தான் அவர்களுக்கு விதிமுறை வகுப்பு எடுத்தேன். இப்போது நான் வந்தால் ஆயுத அறையின் சாவியை வைத்திருப்பவர் கூடவே நின்றுகொள்கிறார். மிகுந்த மரியாதையோடுதான் நிற்கிறார். உன் மனு நிலையத்தில் மட்டும் இல்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

அட்டையைப் பார். பார்த்துவிட்டு அந்த வரியை எழுது.

அன்புச்செல்வன்


பொன்மலை,
27-11-2025

அனுசுயா அப்பாவுக்கு,

அட்டை வந்து நான்கு நாளாயிற்று. சமையல் மேடையில் சாய்த்து வைத்திருந்தேன். ஆபீஸ் போகும்போது பார்த்தேன், வந்ததும் பார்த்தேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வஹீதா வந்தவள், "என்னக்கா, சல்லடை மாதிரி ஓட்டையா இருக்கு" என்றாள். என் வீட்டுக்காரர் கடிதம் என்றேன்.

எண்ணிக்கை மோசமில்லை. ஆனால் நான் எண்ணிக்கை பார்க்க அட்டை கேட்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

கோபத்தில் ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பது உங்கள் பழைய பழக்கம். கல்லூரியில் யாருடனாவது மனத்தாங்கல் என்றால் அந்த ஞாயிறு குண்டெல்லாம் கீழே இடப்பக்கம் கூடிவிடும். நான் ஓட்டைகளுக்குக் காகிதம் ஒட்டும்போதே இந்த வாரம் யாரோடு சண்டை என்று கேட்பேன், நினைவிருக்கிறதா. வலக்கையால் சுடுகிறவர்கள் வெடுக்கென்று இழுத்தால் கீழே இடப்பக்கம்தான் போகும்.

இந்த அட்டையில் எல்லாம் கீழே வலப்பக்கம் கூடியிருக்கிறது. உங்கள் பழைய அட்டையைக் கண்ணாடியில் காட்டியது போல.

முதலில் வேறு யாரோ சுட்ட அட்டை என்று நினைத்தேன். நீங்கள் அப்படிச் செய்கிறவர் இல்லை. அப்புறம்தான் புரிந்தது, இடக்கையால் சுட்டிருக்கிறீர்கள். முப்பத்தைந்து வருஷம் வலக்கையால் சுட்டவர் ஐம்பத்தாறு வயதில் எதற்காகக் கை மாற்றுவார்? கண் மாறினால்தான் கை மாறும். ஸ்கூட்டரை விற்றதற்குக் காவிரிப் பாலத்தைக் காரணம் சொன்னீர்கள். பாதி நேரம் ஜன்னலைப் பார்த்தே பேசினீர்கள் என்றாள் அனுசுயா. உங்கள் இடப்பக்கத்தில் ஜன்னல், வலப்பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்த சோபா.

வலது கண்ணில் பார்வை வரவே இல்லையா?

ஆபரேஷனுக்குப் பிறகு நான் கேட்டபோதெல்லாம் "தெரியுது, தெரியுது" என்றீர்களே.

நான் உங்களிடம் சொல்லாமல் போலீசிடம் சொன்னேன் என்று ஒன்றரை வருஷமாகக் கோபம். சரி, ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் கண் போனதை எனக்கு ஒரு அட்டை வந்து சொல்கிறது. இதற்கு நான் எந்த மாதம் முழுக்கப் பேசாமல் இருக்க வேண்டும்?

யமுனா

கோபம் கை மாறியும் கூடவே வந்திருக்கிறது. அதையும் பார்த்தேன்.


ஸ்ரீரங்கம்,
2-12-2025

யமுனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இப்போது பதில் எழுதும் நிலையில் நான் இல்லை. எழுதினால் எழுத்திலும் குரல் உயரும்.

அ.


ஸ்ரீரங்கம்,
14-12-2025

யமுனாவுக்கு,

வரவில்லை. விளிம்பில் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். நடுவில் ஒன்றும் இல்லை. இருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. தலைக்குப் பின்னால் இருப்பது எப்படித் தெரியாதோ அப்படித் தெரியாது. மருத்துவர் ஆறு மாதம் பொறுங்கள் என்றார். ஆறு மாதம் கழித்து அவர் பேச்சை மாற்றினார். அப்போது நீ பொன்மலைக்குச் சென்றுவிட்டிருந்தாய்.

அந்த மதியங்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டாய். இடது கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை நீட்டி, அதன் முனையில் இருக்கும் முன்குறி வலது கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்தேன். மருத்துவமனையின் எழுத்துப் பலகையை நான் நம்பவில்லை. அந்தச் சின்ன இரும்புத் துண்டைத்தான் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன்; அது தெரிந்தால் கண் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் நீட்டினேன். சுவர் இல்லை, குறி இல்லை, என் கையே இல்லை. பிறகு இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அந்நேரம் நீ வந்து கேட்பாய். "துடைக்கிறேன்" என்பதைவிடச் சிறிய சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே நீ கண்டது சரி, எடுத்துக்கொண்ட பொருள் தவறு. இதை எழுதி உன்னைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்று ஒன்றரை ஆண்டாக ஒவ்வொரு சொல்லையும் அடுக்கி வைத்திருந்தேன். பேசாமலிருந்த நாட்களில்கூட அந்த வாக்கியங்களைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். நீ மனு கொடுத்தது தவறு, எனக்குத் தெரியாமல் கொடுத்தது அதைவிடத் தவறு, முப்பது ஆண்டு உடன் வாழ்ந்தவளுக்கு என்னைத் தெரியவில்லை என்பது மன்னிக்கவே முடியாதது. இவையெல்லாம் இப்போதும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றையும் கைவிடவில்லை.

ஆனால் அடுத்த வாக்கியத்தை எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது. "அதைத் தவிர வேறு எதுவும் என் மனத்தில் இருந்ததில்லை" என்பது அந்த வாக்கியம். கணக்கு வாத்தியார் நான். முழுதும் நிரூபிக்க முடியாததை எழுதிப் பழக்கமில்லை. அதை எழுதாமல் விடுகிறேன்.

உன் ஒரு வரியை இனிக் கேட்க மாட்டேன்.

அன்புச்செல்வன்


பொன்மலை,
8-1-2026

அனுசுயா அப்பாவுக்கு,

நேற்று லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போய் மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டேன். நீங்கள் கேட்காமல் விட்ட பிறகுதான் எனக்குக் கை வந்தது.

பிச்சமுத்து படித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அப்ப தரக்கூடாதுன்னீங்க, இப்ப தரலாம்ங்கறீங்க. நடுவுல என்ன ஆச்சு?" என்றார். "அவர் என்கிட்ட உண்மையைச் சொல்லிட்டாருங்க" என்றேன். "என்ன உண்மை?" "அது உங்க ஃபைலுக்கு வேண்டாம்." சிரித்துவிட்டு முத்திரை வைத்தார். பெஞ்சில் இந்தத் தடவை யாரும் இல்லை.

நீங்கள் எழுதாமல் விட்ட அந்த வாக்கியத்துக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன். அதை எழுதியிருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

ஸ்டேஷனிலிருந்து நம் வீடு நடக்கிற தூரம்தான். தெரு முனை வரை வந்தேன். பால்கனியில் உங்கள் சட்டைகள் காய்ந்தன, க்ளிப் போடாமல். அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மனுவைத் திரும்பப் பெறுவது வேறு, வீட்டுக்கு வருவது வேறு. அந்த ஆடி மாதம் இன்னும் எனக்குள் இருக்கிறது. மேஜையில் டம்ளர் வைக்கிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தது. இந்த வீட்டில் காலையில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும், வஹீதா பிள்ளைகளை விரட்டுவாள். எனக்குத் தனிமைதான், ஆனால் சத்தம் உண்டு.

இடக்கைப் பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு அந்த மூன்று வினாடி பிரச்சினை இல்லை. ஏழு வினாடிதான். இலக்கு மறைந்திருக்கும்போது போன குண்டோடு சண்டை போடுகிறீர்கள். கை கீழே இருக்கும்போது கீழேயே இருக்கட்டும்.

யமுனா


ஸ்ரீரங்கம்,
15-3-2026

அன்புள்ள யமுனா,

உன் ஜனவரிக் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. கை கீழேயே இருக்கட்டும் என்றாய், வைத்திருந்தேன்.

உரிமம் புதுப்பிக்கப்பட்டு வந்துவிட்டது. சென்ற வாரம் துப்பாக்கியைப் பெற நிலையத்துக்குப் போனேன். பிச்சமுத்து பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார், துணியால் ஒருமுறை தட்டினார், பிறகு அதை என் பக்கம் தள்ளாமல் தன் கையை அதன் மேல் வைத்துக்கொண்டார். "சார், சட்டமன்றத் தேர்தல் வருது. எல்லாரும் கொண்டாந்து ஒப்படைக்கணும்னு ஆர்டர். நீங்க இன்னைக்கு வாங்கிட்டுப் போயி நாளைக்குத் திரும்பக் கொண்டாரணும். எதுக்கு சார் ரெண்டு தடவை அலையணும்? இங்கயே கிடக்கட்டுமே." நான் பெட்டியைத் திறந்து முன்குறியை மட்டும் பார்த்தேன். இடது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. ரசீது வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு வந்தேன். ஞாயிறன்று கிளப்புக்குப் போகும் பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது சிரிப்பு வந்தது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் என்ன சார் என்று கேட்டார். சொல்ல ஆளில்லாமல் இத்தனை நாள் வைத்திருந்து இப்போது உனக்குச் சொல்கிறேன்.

கண்ணைப் பற்றி அனுசுயாவிடம் நானே சொன்னேன். அழுதாள். பிறகு, அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமா என்று கேட்டாள். அட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்தாள் என்றேன். "அதானே" என்றாள்.

வீட்டுக்கு வா என்று நான் எழுதப்போவதில்லை. அந்த மாதம் உனக்குள் இருப்பதை ஒரு கடிதத்தால் எடுக்க முடியாது. இரண்டு ஆண்டுக் கோபத்தை வேறொருவர் கடிதத்தால் எடுக்க முடியாது என்பதை நானே அறிவேன். என்னுடையதும் முழுதாகப் போய்விடவில்லை. இந்தக் கடிதத்துடன் வைத்திருக்கும் புது அட்டையைப் பார், இன்னும் மூன்று ஓட்டைகள் கீழே வலப்பக்கம் இருக்கின்றன. மற்றவை ஏறியிருக்கின்றன.

கேட்பது வேறொன்று. கிளப்பில் இடக்கைக்காரர்களுக்குக் கடைசி இடம் தருகிறார்கள். அங்கிருந்து என் வலப்பக்கம் முழுதும் மற்றவர்கள். யார் வருகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரிவதில்லை. ஆயுத அறைக்காரர் கூட நிற்பது நின்றுவிட்டது; ரஃபீக்குக்கு மற்றவர்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓட்டைகளுக்குக் காகிதம் ஒட்டத் தெரிந்த ஒருவர் அந்தப் பக்கத்தில் நின்றால் நன்றாக இருக்கும். உனக்கு விருப்பமிருந்தால் நீயும் சுடலாம். கிளப்பில் ஒரு துப்பாக்கி சும்மாதான் இருக்கிறது. நீ ஜெயிப்பாய். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று எழுதினால் அதுவும் முழுதும் உண்மையாக இருக்காது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கெல்லாம் நான் அங்கிருப்பேன். உனக்குப் பொன்மலையிலிருந்து நேர் பஸ் உண்டு.

வந்தால், வந்ததும் ஏதாவது பேசு. திட்டினாலும் சரி. பேசாமல் நின்றால் நீ வந்திருப்பது எனக்குத் தெரியாது.

அன்பு